பீரோவுக்குள் ஒரு லேப்டாப்

லிஃப்ட்டக்கா குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வீடு மூன்றாவது மாடி. காலையில் படியிறங்கி, பஸ்ஸையோ ரயிலையோ பிடித்து, எங்கோ ஒரு ஊரில் எவர் கட்டடத்திலோ இருக்கும் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது என்று சான்று கொடுத்துவிட்டு, மாலையில் மூச்சிரைக்கப் படியேறி வருவார். இதைச் சொல்லி யாராவது சிரித்தால், "பிரசவம் பார்க்கிற டாக்டர் வருஷா வருஷம் பெத்துக்கணுமா என்ன?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அவர் உத்தியோகத்தின் பெயர் ஆய்வாளர். அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவரைவிட வயதில் மூத்த மேலாளர்கூட அசந்த நேரத்தில் 'லிஃப்ட்டக்கா' என்று சொல்லிவிட்டு இருமிக்கொள்வார்.

எதையும் நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் அவர். பத்துப் பேர் ஏறலாம் என்று லிஃப்டில் எழுதியிருந்தால், அந்தப் பத்துப் பேரின் எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேலே இன்னொரு கால்பங்கும் ஏற்றி, முழு வேகத்தில் கீழே விட்டு பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார். பிடித்தால்தான் அவர் கணக்கில் பத்துப் பேர். லிஃப்டைத் தூக்கும் கம்பிவடம், சுமக்கவேண்டிய பாரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தாங்கவேண்டும் என்பது தொழில் விதி. அந்தப் பன்னிரண்டு மடங்கு மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. துணி காயப்போட அவர் கட்டியிருந்த கொடியில் ஒரு பசுமாட்டைக் காயப்போடலாம்.

அவருடைய வீட்டுக்காரர் வேறு ஜாதகம். ஆர்டர் எடுத்து வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். மாவோ வெண்ணெயோ எல்லாம் கையளவுதான், தராசு பக்கமே போகமாட்டார். அவருக்கு இனிப்பும் பிடிக்காது. ஆனாலும் கேக் பிரமாதமாக வரும். அளந்து அளந்தே வாழ்ந்த லிஃப்ட்டக்காவால் இந்த அநியாயத்தை மட்டும் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

பிரச்சினை பழைய லேப்டாப்பில் ஆரம்பித்தது. அதன் ஒரு பக்கக் கீல் போய்விட்டது. திரையைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். தாகம் எடுத்துத் தண்ணீர் குடித்தால் திரை மல்லாந்துவிடும். பேட்டரியும் பேருக்குத்தான் இருந்தது. வயரைப் பிடுங்கினால் மறுநிமிடம் கண்ணை மூடிக்கொள்ளும். இத்தனையோடும் ஓட்டியிருப்பார். அலுவலகம் புது விதி போட்டதுதான் வினை. இனி அறிக்கையை ஊர் திரும்பி வந்து சாவகாசமாக எழுத முடியாது, லிஃப்டின் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதி அனுப்பவேண்டும். அது போய்ச் சேரும்வரை லிஃப்டைத் திறந்துவிடக்கூடாது.

"ஒரு அறிக்கை வராம ஒரு லிஃப்ட் பூட்டிக் கிடந்துச்சுன்னா, அப்புறம் உங்களுக்கு ஆபீஸ் சீட்டுதாம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மேலாளர்.

அந்த ஆபீஸ் தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஊர் ஊராகச் சுற்றி, தெரியாத ஸ்டேஷனில் டீ குடித்து, மொட்டை மாடிகளிலிருந்து ஊர்களைப் பார்த்துப் பழகிய ஒருவரை அந்தச் சுவருக்கு எதிரே உட்காரவைப்பதைப் போல் கொடுமை கிடையாது. லிஃப்ட்டக்கா புது லேப்டாப் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஆலோசனை சொல்ல வந்தான்.

"அக்கா, வாங்கறதுதான் வாங்கறே, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டதா வாங்கு. பறக்கும்."

"ஏன்டா, நான் பிரேக் ரிப்போர்ட் எழுதப் போறேனா, பூதத்தைச் சுடப் போறேனா? என்ன எடை இருக்கும் அது?"

"எடை கொஞ்சம் இருக்கும். சார்ஜர் தனியா ஒரு செங்கல் மாதிரி இருக்கும்."

"அப்ப நீ மூணு மாடி தூக்கிட்டு ஏறிக் காட்டு, வாங்கறேன்."

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா கேக்கைப் பார்த்தார்.

கடையில் நடந்ததை அந்தக் கடைக்காரர் வெகுநாள் மறந்திருக்கமாட்டார். லிஃப்ட்டக்கா விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. வரிசையாக இருந்த லேப்டாப்புகளை ஒவ்வொன்றாக ஒரே விரலால் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார்.

"மேடம், இது லேப்டாப். கதவு இல்ல."

"கதவுதாங்க முதல்ல போகும். லிஃப்ட்ல மோட்டார் போய் நான் பார்த்தது அபூர்வம். எப்பவும் கதவுதான் மக்கர் பண்ணும். எது ஒரு நாளைக்கு நூறு தடவை அசையுதோ அதைத்தான் பார்க்கணும்."

அடுத்து, விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சில லேப்டாப்புகள் தொட்டில்போல் குழிந்தன. அவற்றை அப்படியே ஒதுக்கினார். ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினார். முறுக்கிப் பார்த்தார். கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்த திரைகளில் தம் முகமே தெரிகிறது என்று சொல்லி அவற்றையும் கழித்தார். மொட்டை மாடி வெளிச்சத்தில் அறிக்கைதான் தெரியவேண்டுமே தவிர, தாம் தெரியவேண்டியதில்லை.

கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. பார்க்க ஒரு அழகும் இல்லாத சாம்பல் நிறம். நடுத்தர விலை. கனமும் இல்லை, காகிதமாகவும் இல்லை. ஒரு பகல் முழுக்கத் தாங்கும் பேட்டரி. செல்போன் சார்ஜரையே போட்டுக்கொள்ளலாம் என்பதால் பையில் ஒரு வயர் குறையும்.

"மேல தண்ணி சிந்தினாலும் தாங்கும் மேடம். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கு மேடம் போட்டுப் பார்க்கணும்?"

"அப்ப உங்களுக்கும் தெரியாது" என்றார் லிஃப்ட்டக்கா. ஆனாலும் வாங்கிவிட்டார்.

இங்கேதான் விஷயம் திசைமாறியது. இத்தனை சோதனையில் தேறிய அந்த லேப்டாப் வீட்டுக்கு வந்ததும், ஒரு பூத்துவாலையில் சுற்றப்பட்டு, பீரோவின் நடுத்தட்டில் புடவைகளுக்கு இடையே படுக்கவைக்கப்பட்டது. மறுநாள் காலையில் லிஃப்ட்டக்கா பழைய லேப்டாப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் வைத்தார்.

"புதுசு என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க."

அடுத்த பயணத்தன்று மழை இல்லை, ரயிலில் கூட்டம். அதற்கடுத்த முறை போன இடத்தில் மெஷின் ரூம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்காம்.

"ஏம்மா, எதுன்னாலும் தாங்கும்னுதானே தேடித் தேடி வாங்கினே?"

"தாங்கும்னு எனக்குத் தெரியாதாங்க? அதுக்காக எல்லாத்தையும் அதைத் தாங்க வைக்கணுமா?"

வீட்டுக்காரர் மாவு பிசையப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இதுவரை பிறக்கவில்லை. ஊரில் பாதி வீடுகளில் நல்ல சோபாக்கள் உறையைக் கழற்றாமலே கிழடாகிக்கொண்டிருக்கின்றன.

பழைய லேப்டாப் ஒரு மூட்டுவலி சிகிச்சை மையத்தில் உயிரை விட்டது. முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கான அந்த மையத்தை யாரோ ஒரு புண்ணியவான் நான்காவது மாடியில் வைத்திருந்தார். லிஃப்டைச் சோதித்து முடித்தாயிற்று, எல்லாம் சரி. அறிக்கையை அனுப்பினால் திறந்துவிடலாம். கீழே வராந்தாவில் வாக்கிங் ஸ்டிக்கோடு பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். லிஃப்ட்டக்கா லேப்டாப்பைத் திறந்தார். மிச்சமிருந்த கீலும் 'டக்'கென்று போனது. கையில் திரை தனியாக வந்தது.

போனில் முயன்று பார்த்தார். அலுவலகத்தின் படிவம் போனில் திறப்பதாக இல்லை. காத்திருந்த ஒரு அம்மா, "என்னம்மா, லிஃப்ட் நல்லாயிருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கும்மா."

"அப்ப ஏன் பூட்டியிருக்கு?"

"அது நல்லாயிருக்குன்னு சொல்ற மெஷின் நல்லாயில்ல."

அந்த அம்மா தம் முழங்காலைத் தடவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கைப்பிடியைப் பற்றிப் படியேறத் தொடங்கி, நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்டக்கா அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு மேலாளரை அழைத்தார்.

"புது லேப்டாப் வாங்கிட்டதா சொன்னீங்களேம்மா?"

"வாங்கிட்டேன் சார்."

"அது எங்க?"

"பீரோவுல."

மேலாளர் ஒருமுறை இருமிக்கொண்டார். பிறகு மேலாளர் நிதானமாகச் சொன்னார்: "நாளைக்குக் காலைல அந்த மையம் திறக்கறப்ப ரிப்போர்ட் என் கையில இருக்கணும். இல்லேன்னா ஜன்னலோரத்து சீட்டைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்."

சாயங்காலம் வீட்டுப் படிகளை அவர் முன்பைவிட மெதுவாக ஏறினார். கதவு திறந்தே இருந்தது. வெண்ணெய் உருகும் வாசனை. அடுப்பங்கரை மேடையில், மாவு டப்பாவில் சாய்ந்தபடி, சாம்பல் நிறத்தில் அது நின்றது. திரையில் யாரோ க்ரீம் பூ பிழிந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மாவுக் கையாலேயே ஒரு விசையைத் தட்டி அந்தப் பூவை நிறுத்தினார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

"நீ வர ராத்திரி ஆகும்னு நினைச்சேன்..."

"எத்தனை நாளா?"

"அது வந்து... நீ ஊருக்குப் போற நாள்ல மட்டும்தான்மா. போன்ல சின்னதா தெரியுது. பீரோ சாவி வேற மேலேயே இருந்துச்சு."

லிஃப்ட்டக்கா பையைக் கீழே போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், எப்படியும் தெரியத்தான் போகிறது என்று வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஒரு தடவை சர்க்கரைப் பாகு கொட்டிச்சு. உடனே துடைச்சுட்டேன். இன்னொரு தடவை... விழுந்துச்சு."

"எங்கிருந்து?"

"மேடையிலேருந்து."

அவர் திட்டுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டார். திட்டு வரவில்லை.

"தட்டையா விழுந்துச்சா, மூலை குத்தியா?"

"மூலை குத்தித்தான்."

"திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

"திறந்துதான். வீடியோ ஓடிட்டிருந்துச்சு. விழுந்த பிறகும் ஓடிச்சும்மா! அந்தக் கேக்கை முடிச்சே குடுத்துட்டேன்."

லிஃப்ட்டக்கா மேடைக்கு அருகே போனார். ஒரு மூலை சற்று நசுங்கியிருந்தது. மூடியில் டம்ளர் வட்டம் ஒன்று. விசைகளின் இடுக்கில் மாவு. ஒரே விரலால் மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். கீல் வெண்ணெய்போல் அசைந்து, விட்ட இடத்தில் நின்றது. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். குழியவில்லை. அவர் முகத்தில் கோபம் வர முயன்று வழி தெரியாமல் நின்றது. தமக்குத் துணிச்சல் வராத சோதனை அத்தனையையும், அளவு என்றால் என்னவென்றே தெரியாத இந்த மனிதர் நடத்தி முடித்திருக்கிறார்.

"பாகு எவ்வளவு இருக்கும்?"

"கையளவுதான்" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் விடிந்ததும் ரயிலேறினார். நல்ல கூட்டம். மழையும் பெய்தது. மூட்டுவலி மையத்தின் நான்காவது மாடியில், மெஷின் ரூமுக்குப் போகும் ஏணிப்படியில், பிளக் தேடாமல், பாட்டில் தேடாமல், மடியில் வைத்து அறிக்கையை எழுதி அனுப்பினார். பதில் உடனே வந்தது: அந்தப் பக்கம் இன்னும் இரண்டு ஊர்களில் லிஃப்டுகள் காத்திருக்கின்றன, அப்படியே பார்த்துவிட்டு வரமுடியுமா என்று மேலாளர் கேட்டிருந்தார். ஜன்னலோரத்து சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

லிஃப்ட் திறந்தது. முதல் ஆளாக ஏறி வந்தது நேற்றைய அம்மாதான். லேப்டாப்பை உற்றுப் பார்த்தார்.

"புதுசாம்மா?"

"புதுசுதாம்மா."

"மாவா ஒட்டியிருக்கு அதுல?"

"டெஸ்ட் பண்ணினாங்க."

மையத்தில் யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். ஏணிப்படியில் டம்ளரை வைக்க இடமில்லை. லிஃப்ட்டக்கா லேப்டாப்பை ஒரே விரலால் மூடினார். ஏற்கெனவே இருந்த டம்ளர் வட்டத்தைத் தேடிப் பார்த்து, அதன்மேல் டீயை வைத்தார்.