அத்தைக்குக் கட்டம் இல்லை

கலோலைனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வேன் கதவைத்தான் அறைந்து சாத்துவாள். பதினோரு வருடமாக அவளுக்கு வேன் ஓட்டுகிற எனக்கு, கதவுச் சத்தத்தை வைத்தே ஆபீசில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

மாங்கெரே என்கிற எங்கள் புறநகரில் சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று தீராத நோயோடு காலம் தள்ளும், தொங்கா மாதிரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. 'உங்கள் பண்பாட்டை மதிக்கும் திட்டம்' என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கும். ஓரத்தில் ஒரு செம்பருத்திப் பூ, கூட்டம் தொடங்கும்போது ஒரு ஜெபம். பண்பாடு அதோடு சரி, மிச்சமெல்லாம் படிவம். அதில் நோயாளிக்கு ஒரு கட்டம், கணவன் அல்லது மனைவிக்கு ஒரு கட்டம். அத்தைக்குக் கட்டம் கிடையாது. தொங்காக்காரர்கள் வீட்டிலோ அப்பாவின் கூடப்பிறந்தவள் வைத்ததுதான் சட்டம். இதைக் கலோலைனிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் தொங்காக்காரிதான்.

எங்கள் நோயாளிகளில் ஒருவனான ஃபெலெட்டி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், தொங்காக்காரன். ஐம்பத்திரண்டு வயது, சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய படுத்துவிட்டன. டயாலிசிஸுக்கு முன்னால் கையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயார் செய்ய வேண்டும். அது பக்குவப்பட மாதக்கணக்கில் ஆகும். தள்ளிப்போனால் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும், அதில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஜனவரியில் கொடுத்த தேதியன்று அவன் பாதிரியாரின் விருந்துக்குப் பன்றியை நெருப்பில் வாட்டப் போய்விட்டான். அடுத்த தேதியும் தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது.

அப்போதே கலோலைனி மேலாளரிடம் கேட்டாள். "அவரோட சின்ன அத்தைகிட்ட நான் பேசிட்டு வந்துடறேன். அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நோயாளி சம்மதிக்காம வெளியாள்கிட்ட பேசக்கூடாது, கலோ."

"அத்தை வெளியாளா?"

"படிவத்துல பேர் இல்லையே."

சம்மதம் கேட்டு ஃபெலெட்டியிடம் போனால், அவன் இரண்டு கையையும் ஆட்டினான். "வேண்டாம்மா. என் சீக்கைத் தூக்கிட்டுப் போய் அவங்க மடியில போடறதா? மானக்கேடு." கலோலைனி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வேன் கதவு அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது தேதி மே மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. அதற்கு முந்தின சனிக்கிழமை ஃபெலெட்டியின் பெரிய அத்தை இறந்துபோனாள். அத்தை செத்தால் அவள் தம்பி பிள்ளைகளுக்கு இடம் பின்கட்டு அடுப்படிதான். கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட வேண்டும். துக்கச் சடங்கு முடிகிறவரை நகரக்கூடாது. திங்கட்கிழமை கலோலைனி போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு எட்டரைக்கு. ஞாபகம் இருக்கா?"

"பன்னிரண்டு பன்றி கிடக்கு. யாரு பார்ப்பா?"

"நீங்க போய்ச் சேர்ந்தா யாரு பார்ப்பா?"

"அன்னிக்கு நீ வந்து சமை. உப்பு மட்டும் கம்மியாப் போடு, உனக்குத்தான் உப்பே பிடிக்காதே" என்று சிரித்தான்.

செவ்வாய் காலை ஏழரைக்கு வேனில் ஏறியவள், "துக்க வீட்டுக்குப் போ" என்றாள். ஆபீஸ் விதியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் துக்கத்துக்கான பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்தபடியே உள்ளே போய் சின்ன அத்தை இலைசானேயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஜெபம் தொடங்கியது. ஜெபத்தின் நடுவில் தொங்காக்காரி வாய் திறக்க மாட்டாள். பாட்டுக்கு மேல் பாட்டு, ஜெபத்துக்கு மேல் ஜெபம். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை 'ஆமென்' சொன்னார்கள், முடிந்தது என்று நினைத்தேன், அடுத்த பாதிரியார் எழுந்தார்.

எட்டே முக்காலுக்குத்தான் கலோலைனியால் அத்தையின் காதில் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. இலைசானே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனாள்.

"ஃபெலெட்டி, கத்தியைக் கீழ வை. வேன்ல ஏறு."

அவ்வளவுதான். ஐந்து மாதமாக நாங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அசையாதவன், கையைக்கூடக் கழுவாமல் ஏறினான். அத்தையும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதேகால். அவனுடைய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயரையும் எடுத்தாயிற்று. திரும்பப் பதிந்தால் மூன்று மாதம் ஆகலாம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நான் இவனோட அத்தைன்னு அவகிட்டச் சொல்லு" என்றாள் இலைசானே.

கலோலைனி சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகவே கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். "மன்னிக்கணும். இதுல மனைவி பேர் மட்டும்தான் இருக்கு."

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. ஃபெலெட்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "வாங்க அத்தே, அடுப்பு அணைஞ்சிடும்" என்றான்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருப்போம். இலைசானே கலோலைனியைக் கேட்டாள்.

"உனக்கு இது எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஜனவரியிலேருந்து."

"ஞாயிறு தவறாம கோயில்ல உனக்கு முன் பெஞ்சுலதானேம்மா நான் உட்கார்ந்திருக்கேன். என் முதுகைத் தட்டிக் கூப்பிட்டிருக்கக்கூடாதா?"

மேலாளர், படிவம், விதி என்று சொல்ல கலோலைனிக்கு எத்தனையோ இருந்தது. மடியில் இருந்த பாயின் நாரைப் பிய்த்துக்கொண்டே வந்தாள்.

ஜூலையில் ஃபெலெட்டி வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். கழுத்தில் குழாய் போட்டார்கள். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இதுவரை ஒரு நாள்கூட அவன் தவறவில்லை. அத்தை போகச் சொல்லியிருக்கிறாள்.