ரீச்சரின் கைராசி

அமெரிக்காவின் நடுமேற்கில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இரசாயனம் படிப்பித்தேன். என் முழுப் பெயர் மாணவர்களின் வாய்க்குள் நுழையவில்லை. முதல் பாதியை மட்டும் எடுத்து, கூடப்படிக்கும் பெடியனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். முன் கதிரையில் காலைப் போட்டுக்கொண்டு, சான்ட்விச் தின்றபடி பாடம் கேட்டார்கள். அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு இல்லை. ஓய்வு பெற்றபோது கல்லூரிச் சின்னம் பொறித்த மரக்கதிரை ஒன்று தந்தார்கள். அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பாரிஸ் புறநகரான பொபினியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் ரீச்சரைத் தெரியும். நான் அங்கே படிப்பித்த அதே காலம் முழுக்க, பாரிஸின் தமிழ்க்கடைப் பகுதியான லா சப்பலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவ. என் மருமகனும் அவவிடம் படித்தவர்தான். ஒருநாள் அவவோடு அங்கே ரூ காய் என்ற கடைத்தெருவில் நடந்தேன். பத்தடி போக அவவின் பழைய மாணவர்கள் விடவில்லை. மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவன் கடை வாசலில் எழும்பி நின்று, சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ரீச்சர், சுகமா இருக்கிறீங்களோ?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "இவர் ஆர், ரீச்சர்?"

"எங்கடை பெடியன்ரை மாமனார்" என்றா.

எனக்காக எவன் சிகரெட்டை ஒளித்திருக்கிறான்? ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று முணுமுணுத்தபடி ரயிலேறினேன்.

விஜயதசமி நெருங்கியது. பேரனுக்கு நாலு வயது. தட்டில் பரப்பிய அரிசியில் அவன் விரலைப் பிடித்து முதலெழுத்து எழுதுவிக்க வேண்டும். வீட்டில் ஒரு பேராசிரியர் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். புது வேட்டிகூட வாங்கிவிட்டேன்.

"பிள்ளைக்கு ஏடு தொடக்கிறது ரீச்சர்தான், மாமா" என்றார் மருமகன். "எனக்கும் அவதான் தொடக்கினவ. உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"எனக்கென்ன? நல்லது" என்றேன்.

அடுத்த நாளே, மகளும் மருமகனும் வேலைக்குப் போனதும், குசினித் தரையில் அரிசியைக் கொட்டிப் பேரனை இருத்தினேன். முதலெழுத்து என் கையால்தான், பிறகு அவ என்ன வேண்டுமானாலும் எழுதுவிக்கட்டும். சரியாக எழுதினால் ஒரு சொக்லெட் என்று பேச்சு. ஒரு கிழமை பாடம் நடந்தது. என் வகுப்பில் இப்படி உன்னிப்பாக இருந்த மாணவன் ஒருவனும் இல்லை.

விஜயதசமியன்று கோயிலில் ரீச்சர் அவனை மடியில் இருத்தி விரலைப் பிடித்தா. பிடித்ததுதான் தாமதம், பெடியன் கையை உருவிக்கொண்டு தட்டு நிறைய ஒரு 'அ' எழுதினான். சுழி, வளைவு, கடைசிக் கோடு, எல்லாம் சரி.

"ரீச்சரின்ரை கைராசியைப் பாருங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். மருமகனின் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தாய்மார் தங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு முன்னே நெருங்கினார்கள்.

"பாத்தீங்களோ அப்பா, அவ தொட்டதுதான்!" என்றாள் மகள்.

நான்தான் என்று கத்த வாய் உன்னியது. சொன்னால், நல்ல நாளுக்கு முன்னமே களவாக ஏடு தொடக்கிய கிழவன் என்று ஊர் சிரிக்கும். "ஓம்" என்றேன்.

பேரன் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, அரிசி ஒட்டிய கையை என்னிடம் நீட்டினான். ரீச்சர் முந்திக்கொண்டு அவன் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டா. அவன் அவவைப் பார்த்துச் சிரித்தான். சொக்லெட் என் சட்டைப்பையில் உருகிக்கொண்டிருந்தது.