கீழே நின்று கை தூக்குகிறவள்

என் தம்பி டிஷ் மாட்டுகிறவன். தோளில் ஏணி, கையில் பை, கழுத்தில் வயர்ச் சுருள். இப்படித்தான் அவனை எல்லாருக்கும் தெரியும். மீசை முளைக்கும் முன்பே மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். கூட்டம் எங்கே நடந்தாலும் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று வளர்ந்த உடம்பு. மைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸும் எதிரெதிரே வந்தால் 'கீ' என்று ஒரு சத்தம் கிளம்பிக் காதைக் கிழிக்குமே, அது எழும்புவதற்குள்ளேயே அமுக்கிவிடுவான் என்று முதலாளி மெச்சிக்கொள்வார். பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. இவனும் மைக் செட்டை விட்டுவிட்டு மொட்டை மாடி ஏறத் தொடங்கினான்.

அந்த வேலைக்கு மேலே ஒரு ஆள் வேண்டும், கீழே ஒரு வாய் வேண்டும். மேலே அவன் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். கீழே டிவியில் இரண்டு கோடுகள் தெரியும். ஒரு கோடு சும்மாவே ஏறிவிடும், அதை நம்பக் கூடாது. அடுத்த கோடு பச்சையாகி நிற்க வேண்டும். அதைப் பார்த்து வீட்டில் இருக்கிறவர்கள் கத்த வேண்டும்.

"வருதா?"

"வரல!"

"இப்ப?"

"வந்துச்சு... ஐயோ, போச்சு!"

டிஷ் மாட்டுகிற வீட்டை அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் பார்த்தேன், இவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் பொண்டாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். அவள் சமையலைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாள். தெருவில் இரண்டு பேருக்கும் 'ஜோடிப்புறா' என்று பெயர். நான் மட்டும் சும்மா இருப்பேனா?

"அரைக்கிழவன் ஆயிட்ட. இன்னும் பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு ஏணி ஏறுறியே, வெக்கமா இல்ல?" என்பேன்.

அவன் சிரிப்பான். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். சிக்னல் கிடைத்தால் பீப் பீப் என்று கத்தும் மீட்டர் ஒன்று இப்போது வந்திருக்கிறதாம், அதை வாங்கினால் ஒற்றை ஆளாகவே வேலையை முடித்துவிடலாம் என்று டிஷ் கடைக்காரர் கூடச் சொன்னார். "அதெல்லாம் தொழில் தெரியாதவனுக்கு" என்று இவன் தட்டிக்கழித்துவிட்டான்.

போன மாதம் அவள் படியில் இறங்கும்போது கால் பிசகிக்கொண்டாள். பாதம் வீங்கிப் பணியாரமாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய வீட்டு வேலை. டிஷ், டிவி, ஹால் முழுக்க ஸ்பீக்கர்.

"அண்ணி, இன்னைக்கு நீங்க போங்களேன். பச்சைக் கோடு நின்னதும் வெளிய வந்து கையைத் தூக்குங்க. கத்தாதீங்க," என்றாள்.

"ஏன், என் தொண்டைக்கு என்ன கேடு?"

"கத்துனா அவருக்குப் பிடிக்காது அண்ணி."

பெரிய துரை என்று முனகிக்கொண்டே போனேன்.

அவன் மாடிக்கு ஏறினான். கோடு பச்சையாக நின்றது. நான் முற்றத்துக்கு வந்து, "வந்துருச்சுடா, நிறுத்து!" என்றேன். அவன் திருப்பிக்கொண்டே இருந்தான். இரண்டாம் முறை கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இவன் அசையவில்லை. உள்ளே கோடு விழுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "வந்தது போயிடுச்சே, அவர்கிட்ட சொல்லலையா?" என்றாள்.

அப்போது அவன் குனிந்து என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைக் கண்டதும் அவன் முகம் மாறியது. கேட்டது போலத் தலையை ஆட்டினான். 'கையைத் தூக்கு' என்று சாடை காட்டினான்.

இறங்கி வந்து பையைக் குடைந்துகொண்டிருந்தவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "டேய் எருமை," என்றேன். சும்மா விடமாட்டான், திருப்பிக் கொடுப்பான். திரும்பவே இல்லை.

இவ்வளவு நாளும் வாய் கூசாமல் தம்பி பெண்டாட்டியைப் பேசியிருக்கிறேன். செவிடன் என்று தெரிந்தால் தொழில் போய்விடும். பெண்டாட்டிதாசன் என்றால் ஊர் சிரிப்பதோடு விட்டுவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் வாயையும் சேர்த்து.

அதன் பிறகு நான் கையைத் தூக்கினேன். படம் வந்தது. மிச்சம் இருந்தது ஸ்பீக்கர் வேலை.

ஹாலைச் சுற்றி ஸ்பீக்கர்களை வைத்து வயர்களை ஓரமாக ஓட்டி ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தான். ஏதோ பழக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதிர்கிறதா என்று பார்க்கிறான் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. அந்த வீட்டுப் பெண் பாடுவதற்கு ஒரு மைக்கும் வாங்கியிருந்தார்கள். அதையும் செருகி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு ஸ்பீக்கருக்கு எதிரே சோபாவில் வைத்தான். பிறகு சத்தத்தைக் கூட்டினான்.

கிளம்பியது 'கீ'.

பல்லெல்லாம் கூசியது. அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் மேல் விழுந்தாள். ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த பூனை குதித்தோடியது. நடு ஹாலில் வயரைச் சுருட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி என் தம்பி கேட்டான்:

"எப்படி இருக்கு? தேன் மாதிரி இல்ல?"

அந்தச் சத்தத்தை எழும்பும் முன்னே அமுக்குகிறவன் அவன்.

நான் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். எங்கே அமுக்குவது என்று தெரியாமல் வயரோடு சேர்த்து இழுத்தேன். ஹால் அமைதியானது. வீட்டுக்கார அம்மா அவனுக்குப் பின்னால் நின்றே, சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போல என்னிடம் கேட்டாள்:

"இவருக்குக் காது கேக்காதா?"

என்னிடம் எதற்கும் பதில் உண்டு. கடன்காரனுக்குக் கொடுத்திருக்கிறேன், சாவு வீட்டில் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். புதுத் தரை, என் முகமே அதில் தெரிந்தது.

அந்த அம்மா நல்லவள். அவன் திரும்பியதும் பெரிதாகச் சிரித்து, "நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்கு," என்று குழந்தைக்குச் சொல்வது போல வாயை அகட்டி அகட்டிச் சொன்னாள். அந்தப் பெண்ணும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். திட்டித் துரத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். முதுகிடம் பேசி என்ன பயன்? திருப்பத்தில் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி, இறங்கி அவன் முகத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"அந்த வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுடா."

"தெரியும். அந்தம்மா கேட்டது அலமாரிக் கண்ணாடில தெரிஞ்சுது. உதட்டப் பாத்துதான வண்டி ஓடுது எனக்கு."

"அப்புறம் ஏண்டா ஒண்ணும் தெரியாத மாதிரி நின்ன?"

"நீ தலையக் குனிஞ்சிட்ட," என்றான். "மாமா போனப்பகூட நீ நிமிந்துதான்க்கா நின்ன. என்னால குனிஞ்சிட்ட. நான் என்ன சொல்றது?"

வண்டி ஹாண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாளைக்கு ஒரு வீடு சொல்லியிருக்காங்க. போகல. இத்தோட போதும்," என்றான்.

"போகாம? வேற என்ன தெரியும் உனக்கு? இட்லி சுடுவியா?"

அவன் வண்டிச் சாவியைத் திருப்பப் போனான்; கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு. பொய்ய வச்சுக்கிட்டு நீ ஏணி ஏறுனா, கீழ நிக்க நான் வரமாட்டேன். அவளையும் விடமாட்டேன், அவ வாங்குனது போதும். வாசல்லயே சொல்லிட்டு ஏறு. வேண்டாம்னு சொன்னா வந்துரலாம்."

"அசிங்கமா இருக்குக்கா."

"இருக்கும்தான்."

மறுநாள் போனோம். அந்த வீட்டு மனிதர் பல் குச்சியைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். இவன் ஏணியை இறக்கவே இல்லை. நெற்றியில் வியர்வை. நான் வாயைத் திறக்கப் போனேன். கையால் தடுத்துவிட்டான்.

"சார், எனக்குக் காது கேக்காது!"

தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவனுக்கு எங்கே தெரியும்? எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள்.

"இவங்க எங்கக்கா! கீழ நிப்பாங்க! வேலை சுத்தமா இருக்கும்!"

அந்த மனிதர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "சரிங்க, கேட்டுச்சு. ஏணிய இப்படி ஓரமாக் கொண்டாங்க, செடி இருக்கு," என்றார்.

அவன் கழுத்து வரைக்கும் சிவந்து போயிருந்தது. என் பக்கம் திரும்பி, அவன் நினைப்பில் மெதுவாகக் கேட்டான்:

"ரொம்பக் கத்திட்டேனா?"

"ஆமா. தெருவுக்கே கேட்டுச்சு," என்றேன்.

எதிர் ஜன்னல் இன்னும் மூடவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமலே ஏணியைச் செடிக்குத் தள்ளி வைத்து, ஆட்டிப் பார்த்து, ஏறினான். நான் உள்ளே போய் டிவிக்கு முன்னால் நின்றேன்.