ஜெயபாரதி அக்காவும் பதினேழாம் ரோலும்

"நீ பார்த்தப்ப இந்தத் துணியில ஓட்டை இருந்துச்சா, இல்லையா?"

நிதிஷ் என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்களுக்கு நூல் கொடுத்து, துணியாகப் பின்னி வாங்கிக்கொள்ளும் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவர். விளக்கு மேசையில் ஒவ்வொரு ரோலையும் விரித்துப் பார்த்து அனுப்புவது என் வேலை. ஓட்டை எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் வெளுத்து வந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தால், கடுகு அளவில் அங்கங்கே வெளிச்சம் தெரிந்தது. இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்காகப் பேசியவர் எங்கள் முதலாளி ஜெயபாரதி அக்கா. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய அப்பா சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர். பதினாறு வயதில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்த அக்கா, பெண்களைத் தொடவிடாத காலத்திலேயே பனியன் துணி பின்னும் நிட்டிங் மிசினை ஓட்டக் கற்றுக்கொண்டார். இப்போது பெருமாநல்லூரில் நான்கு மிசின் வைத்துக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். மிசின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அன்று அக்கா நிதிஷிடம் சொன்னார்: "ஊசி உடைஞ்சா துணியில கோடா வருமுங்க. இது கடுகு தெளிச்சாப்பல கெடக்குது. எங்க மிசின் போட்ட ஓட்டை இல்லீங்க இது."

எங்கள் துணியை வெளுத்துக் கொடுக்கும் சாயப்பட்டறைக்காரர் தண்டாயுதபாணி பக்கத்தில் இருந்தார். அவர் சிரித்தார். "ஊசிய மாத்தி எத்தன வருசமாச்சுங்க அம்மிணி?"

"நீங்க மீசைக்கு மை போடறதுக்கு முன்னாடியே நான் ஊசி மாத்திருவனுங்க."

நிதிஷ் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். காரணம் என்னன்னு ஆதாரத்தோட சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த லோடு நூல் வேற யூனிட்டுக்குப் போயிடும்."

அன்று திங்கட்கிழமை. எங்களுக்கு நூல் தருவது அந்த ஒரு கம்பெனிதான். நூல் வராவிட்டால் நான்கு மிசினும் நிற்கும். ஊசி மாற்றாதவள் என்ற பேர் ஊருக்குள் பரவிவிட்டால், வேறு யாரும் அக்காவை நம்பி நூல் கொடுக்கவும் மாட்டார்கள்.

துணி சோதிக்கும் தனியார் லேபில் கேட்டோம். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் போனில் தேடிக்கொண்டே இருந்தேன். எந்தக் கல்லூரியில் எந்த ஆராய்ச்சிக் கருவி இருக்கிறது, அதை வெளியாட்கள் எப்படி முன்பதிவு செய்யலாம் என்று காட்டும் ஓர் இணையதளம் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் மட்டுமல்ல, கட்டணம் கட்டினால் தொழில் செய்பவர்களும் பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தது.

"காலேஜ்காரங்க நம்மள உள்ளயே உடுவாங்களா கண்ணு?" என்று அக்கா கேட்டார். கேட்டுக்கொண்டே போனை வாங்கி அவரே பேசிவிட்டார். யாரோ ஒருவர் ரத்து செய்த நேரம் காலியாக இருந்தது. வியாழக்கிழமை இரண்டு மணி முதல் மூன்று மணி வரை.

ஒவ்வொரு ரோலையும் அனுப்பும் முன், அதன் முனையில் கை அகலத்துக்கு ஒரு பிட்டு வெட்டி, ரோல் எண்ணை எழுதி, அரிசிச் சாக்கில் போட்டு வைப்பது அக்காவின் வழக்கம். 'கொசுவலை தைக்கவும் ஆகாது' என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அந்தச் சாக்கைக் கொட்டி, ஓட்டை விழுந்த பதினேழாம் ரோலின் பிட்டை எடுத்தார். அந்த ரோலில் பாதிதான் வெளுக்கப் போயிருந்தது. மீதி சாயப்பட்டறையிலேயே வெளுக்காமல் கிடந்தது. நேராகப் பட்டறைக்குப் போய் அதிலும் ஒரு துண்டு, ஓட்டை விழுந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் போனோம். கருவியை இயக்கியவர் அருள்குமார் என்ற ஆராய்ச்சி மாணவர். விரல் நகம் அளவுக்குத் துண்டு வெட்டி, தெளிவாகத் தெரிவதற்காகத் தங்கப் பூச்சு கொடுக்க வேண்டும் என்றார்.

"என்ர பிட்டுக்குத் தங்கமா? எனக்கே தோடு இத்தனூண்டுதானுங்க!" என்றார் அக்கா.

முதலில் ஓட்டைத் துணியை வைத்தார். திரையில் நூல் இழைகள் கயிறு கயிறாகத் தெரிந்தன. மேலெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. அது எந்தப் பொருள் என்றும் அந்தக் கருவியே சொல்லும். அருள்குமார் பரபரப்பானார்.

"கால்சியம்ங்க்கா! நிறைய இருக்கு. பட்டறையில சுண்ணாம்பு ஏதாச்சும் போடறாங்களா?"

அக்காவின் முகம் மாறியது. "சாமி... அது பழனித் திருநீறுங்க. நல்லபடியா முடியட்டும்னு காலைல கும்புட்டு, மூணு துணியிலயும் பூசிட்டு வந்தேன்."

அருள்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளை, அக்கா துணியின் மூலையில்தான் பூசியிருந்தார். நடுவிலிருந்து புதிதாக வெட்டி, மறுபடியும் பூச்சு கொடுத்து முடிப்பதற்குள் மணி இரண்டே முக்கால். "முருகனே வந்து நேரத்த முழுங்கிப்புட்டாரு" என்று அக்கா முணுமுணுத்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மிச்சம் பதினைந்து நிமிடம். ஓட்டையின் விளிம்பில் இழைகள் ஊசி கிழித்த மாதிரி இல்லை. அரித்துத் தேய்ந்திருந்தன. அங்கே இரும்பு இருப்பதாகக் கருவி சொன்னது. அடுத்து, பட்டறையில் கிடந்த வெளுக்காத துணி. இழைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி உருண்டைகள், பந்து போல. அவையும் இரும்பு. கடைசியாகச் சாக்கிலிருந்து எடுத்த பிட்டு. எங்கே தேடினாலும் ஓர் உருண்டைகூட இல்லை.

வெளுக்கப் போடும் மருந்து இரும்புத் துகள் பட்ட இடத்தில் மட்டும் வேகமாக வேலை செய்து பஞ்சைத் தின்றுவிடும் என்று அருள்குமார் விளக்கினார். "இந்த உருண்டை தேய்மானத்துல வந்தது இல்லீங்க்கா. இரும்பு உருகிப் பொறியாப் பறந்து, காத்துல ஆறினாத்தான் இப்படி உருளும்."

வெள்ளிக்கிழமை காலை, நிதிஷின் மேசையில் மூன்று படங்களையும் அக்கா வரிசையாக வைத்தார். தண்டாயுதபாணியும் இருந்தார்.

"இரும்புன்னா, உங்க ஊசியும் இரும்புதானுங்க அம்மிணி?"

"ஊசி தேஞ்சா சிராய் மாதிரி வருமுங்க. இது உருகி உருண்டது. எங்க யூனிட்ல இரும்ப உருக்கறது எதுவும் இல்லீங்க. அதே பதினேழாம் ரோல், எங்கிட்ட இருந்த பிட்டு சுத்தமா இருக்குது. உங்ககிட்ட நாலு நாள் கெடந்த துணியில உருண்டை இருக்குது. அந்த நாலு நாள்ல அங்க என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

தண்டாயுதபாணி மீசையைத் தடவினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஆயுத பூசைக்கு முன்னால பழைய இரும்பு ரேக்க வெட்டினமுங்க. கட்டிங் கிரைண்டர் வெச்சு, பொறி பறக்கப் பறக்க. துணி பக்கத்துலதான் பிரிச்சுக் கெடந்துச்சு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பூஜைக்குப் பட்டறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, அந்த வாரத்தில்தான் பழையதை வெட்டுவோம், பற்றவைப்போம், பெயிண்ட் அடிப்போம். துணியை மூடி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"தப்பு எம்மேலதானுங்க. நீங்க மீசையப் பத்திச் சொன்னதும் நெசந்தானுங்க" என்றார் தண்டாயுதபாணி. அப்போதுதான் நிதிஷ் சிரித்தார். "நாளைக்குக் காலைல நூல் லோடு வந்துரும்ங்க்கா."

சனிக்கிழமை வந்தது. நான்கு மிசினும் ஒன்றாக ஓடிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அதோடு முடியவில்லை. இப்போது பெருமாநல்லூரில் ஏழு சின்ன யூனிட்டுகள் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாள் அந்தக் கருவியில் நேரம் வாங்கி வைத்திருக்கின்றன. தண்டாயுதபாணியும் அதில் ஒருவர். அருள்குமார் கிருமி அண்டாத நூல் ஒன்றை ஆராய்கிறார். அதைத் துணியாக்கிப் பார்க்க அவர் கல்லூரியில் நிட்டிங் மிசின் இல்லை. அக்கா மூன்றாவது மிசினை அவருக்கு மாதம் அரை நாள் விடுகிறார். முதல் முறை அவர் நூலோடு வந்தபோது அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "திருநீறு ஏதும் பூசலியே கண்ணு?"

நிதிஷின் கேள்விக்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியும். இல்லை. நான் பார்த்தபோது அந்தத் துணியில் ஓட்டை இல்லை.

பல்லடத்திலோ பொங்கலூரிலோ, செய்யாத தவறுக்குப் பழி சுமந்துகொண்டு ஆதாரம் இல்லாமல் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். கல்லூரிக் கருவிகள் தங்களுக்கும் திறந்திருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஜெயபாரதி அக்காவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு பிட்டு வெட்டி வைக்கவும் சொல்லுங்கள்.