உப்பு போகாத பில்டர்

எங்கள் தெருவில் மலையேறுகிற பெண் யாரென்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் மதினி பாண்டிச்செல்வியின் வீட்டைக் காட்டும். நாத்தனார் நானே மதினியைப் புகழ்வது ஊரில் நடக்காத காரியம்தான். நடக்கட்டும், எனக்கென்ன.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுவது மதினிக்கு வேலை. எனக்கும் அங்கேதான். நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருக்கிற எங்களை, வருஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து நடக்க வைத்தவள் அவள். பொங்கல் லீவில் ஆறு பெண்கள் வேன் பிடித்து, தேனிப் பக்கம் வனத்துறை அனுமதியோடு மலைக்குப் போவோம். வழிகாட்டி ஒருவர் கூட வருவார். ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் உச்சிக்கு ஏறுவோம். கூடாரம் அடிக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று சொன்ன என் அண்ணன் ஊர்க்காவலன், இப்போது மதினியிடம்தான் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்கிறான்.

போன வருஷம் மட்டும் உச்சியை நாங்கள் பார்க்கவில்லை. எங்களில் இளையவள் பொன்மணிக்கு, ஓடைத் தண்ணீர் குடித்த அன்றே வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. கைத்தாங்கலாக இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் அம்மா அய்யம்மாள் வந்து மகள் கிடந்த கோலத்தைப் பார்த்தாள். மதினியை ஒரு வார்த்தை திட்டவில்லை, பேசவே இல்லை. எதிர் வீடு. தினமும் வாசலில் பார்த்தாலும் ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். திட்டியிருந்தால் மதினி தாங்கியிருப்பாள்.

இந்த வருஷம் பொன்மணி வருவேன் என்று அடம்பிடித்தாள். மதினி நேராக அய்யம்மாள் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"சித்தி, இந்தவாட்டி தண்ணிக்கு நான் பொறுப்பு. அவள உச்சியில நிப்பாட்டிக் கூட்டிட்டு வாரேன்."

அய்யம்மாள் திரும்பி உள்ளே போய்விட்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மதினி வேலையில் இறங்கினாள்.

மதுரையில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக்கூட அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. உறிஞ்சு குழாய் மாதிரி ஒன்று. ஓடையில் குப்புறப் படுத்து உறிஞ்ச வேண்டும். "ஆறு பேரும் ஆடு மாதிரி வரிசையாப் படுக்கவா?" என்று தள்ளி வைத்தாள். வெளிச்சத்தால் கிருமியைக் கொல்லும் குச்சிக்கு பேட்டரி வேண்டும், கலங்கல் தண்ணீருக்கும் ஆகாது. அதுவும் போயிற்று. கடைசியில் மரக்கிளையில் தொங்கவிடுகிற பில்டர் ஒன்றை எடுத்தாள். மேலே அழுக்குத் தண்ணீர்ப் பை, நடுவில் பில்டர், கீழே நல்ல தண்ணீர்ப் பை. தண்ணீர் தன் கனத்திலேயே இறங்கிவிடும். "சோறு ஆக்கவும் ஆகும், எல்லாருக்கும் ஆகும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை. ஜன்னல் கம்பியில் பையை மாட்டி எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றினாள். தெருவே கூடிவிட்டது. முதல் டம்ளர் எனக்கு. குடித்தேன்.

"உப்புக் கரிக்குது மதினி!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டே வகை. ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று உப்புத் தண்ணீர். நாக்குதான் நீதிபதி. எதிரே தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அய்யம்மாள், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"உப்பையே பிடிக்க மாட்டாத சாமான், கண்ணுக்குத் தெரியாத கிருமியப் பிடிக்குமாக்கும்? எம்பிள்ள எங்கயும் வரல."

மதினியின் முகம் சுண்டிப்போனது. உடனே கடைக்குப் போன் போட்டு, வெடித்துத் தள்ளினாள். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். கரைந்த உப்பு இதில் போகாது, அது வேறு வகை. வயிற்றைக் கெடுக்கிற கிருமிகளைத்தான் இது நிறுத்தும், மலை ஓடைக்கு அதுதான் வேண்டும் என்றார். மதினி போனை வைத்தாள். பிறகு தெருவைத் தாண்டிப் போனாள்.

"சித்தி, போன வருஷம் இவளப் படுக்கப் போட்டது உப்புத் தண்ணியா? இனிச்ச தண்ணி சித்தி. எளநி மாதிரி இருக்குன்னு நாந்தான் மோந்து குடுத்தேன்."

அய்யம்மாள் அப்போதும் அவளோடு பேசவில்லை. ஆனால் புறப்படும் அன்று பொன்மணியின் பையை அவளே தூக்கி வந்து வேனில் வைத்தாள்.

மலையில் மத்தியானம் அதே ஓடைக்கு வந்தோம். நாக்கு ஒட்டிப்போய்விட்டது. பாறைமேல் சலசலவென்று ஓடுகிற தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்கூடத் தெரிகிறது. பொன்மணி இரண்டு கையாலும் அள்ளிவிட்டாள். மதினி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிவிட்டாள்.

"ஒருத்தியும் வாய் வைக்கக் கூடாது."

"ஒரு பொட்டு உப்பு இல்ல மதினி, இதுக்கு எதுக்கு பில்டரு?" என்று நான் சண்டைக்குப் போனேன். தாகத்தில் யாருக்கு மரியாதை வரும்?

அவள் காதில் வாங்கவில்லை. பையில் தண்ணீர் மோந்து கிளையில் மாட்டினாள். இலைத்தூள் அடைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கூட வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். மதினி மாட்டியதை எல்லாம் இறக்கி, கடையில் கொடுத்த ஊசி போடுகிற சிரிஞ்சால் நல்ல தண்ணீரைப் பின்பக்கமாக அழுத்திப் பில்டரைக் கழுவினாள். இந்தத் தடவை பருத்தித் துணியில் வடிகட்டி ஊற்றினாள். அழுக்குப் பையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நல்ல பையின் மூடியைத் திறக்கவில்லை. கம்பெனியில் ஒரு வெடிமருந்துக்கு எடுத்த சல்லடை இன்னொன்றுக்கு ஆகாது; அந்தப் புத்தி மலையிலும் அவளோடு வந்திருந்தது. ஐந்து பேரும் குடித்து முடித்த பிறகு, கடைசி டம்ளர் அவளுக்கு.

மறுநாள் காலையில் எல்லோரும் எழுந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குத்தான் இந்த வார்த்தையின் அருமை தெரியும். காலையில் வேனில் போனவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வேனில் திரும்பினால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை. நான் மட்டும் அன்று மதினியைப் பார்த்தபோது, போட வேண்டும் என்று நினைத்தேன்.

உச்சியில் சிக்னல் கிடைத்தது. பொன்மணி அம்மாவுக்குப் போன் போட்டு, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, உச்சியில நிக்கேன்!"

"வயிறு எப்படி இருக்கு?"

"பசிக்குதும்மா. பயங்கரமா பசிக்குது."

சிக்னல் போய்விட்டதோ என்று பொன்மணி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அய்யம்மாளின் குரல் வந்தது.

"பாண்டிச்செல்விட்ட குடு."

மதினி போனை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"சொல்லுங்க சித்தி."

"நீ சாப்ட்டியா, தாயி?"

மதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள். அவளுக்குப் பதிலாக நான்தான் கத்திச் சொன்னேன், "இன்னும் இல்ல சித்தி, எங்களுக்கெல்லாம் குடுத்துட்டுத்தான் சாப்பிடுவாக!" என்று.