நாலாவது பெண்ணுக்கு வைத்த பேர்

தன் பேரைப் பற்றி ராபியாவுக்கு ரொம்ப நாள் ஒரு பெருமை இருந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் டயர்க்கடை வைத்திருந்த, அவளைப் பெற்ற அத்தா சௌகத் அலி, "ராபியான்னா வசந்தகாலம்த்தா" என்று சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார். அதே ஊரில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகு பிரசவ வார்டில் யாராவது அர்த்தம் கேட்டால் அவளும் அதையே சொல்வாள்.

அவளுக்குப் பின்னால் பிறந்த ஒரே தம்பி பக்ருதீன். அவனுடைய நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டோடு, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஓர் இளவயது ஹஜரத் வந்திருந்தார். ராபியா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். பேரைக் கேட்டவர் சிரித்தார்.

"நாலாவது பொண்ணாம்மா நீங்க?"

"ஆமா ஹஜரத். எப்படிச் சொல்றீங்க?"

"பேரே அதுதானே. அரபியில அர்பஆன்னா நாலு. ராபிஆன்னா நாலாவது. பஸ்ராவில வாழ்ந்த பெரிய ஞானி ராபியாகூட அவங்க வீட்டுல நாலாவது பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க."

"வசந்தம்னு சொன்னாங்களே?"

"அது ரபீஉ. எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணுதான். வார்த்தை வேற."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ராபியாவுக்கு முகம் சுட்டது. "என் தம்பி பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பக்ருதீன்னா மார்க்கத்தோட பெருமை."

விருந்தாளிகள் கிளம்பியதும் அத்தாவின் முன்னால் போய் நின்றாள். சௌகத் அலி மழுப்பவில்லை.

"மூணும் பொட்டையாப் போச்சு, நாலாவதும் பொட்டை. பேரு யோசிக்க மனசு வரல. பள்ளிவாசல்ல கேட்டேன், ராபியான்னு வைங்கன்னாங்க. நீ கேட்டப்ப மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு வசந்தம்னு சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?"

"எனக்கு அகீகா குடுத்தீங்களா?"

பிள்ளை பிறந்தால் ஆடு அறுத்துக் கறி பங்கிடும் அகீகாவில் பையனுக்கு ரெண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. பக்ருதீனுக்கு ரெண்டு கிடா அறுத்து ஊருக்கே சோறு போட்ட கதையை வீட்டில் இன்னமும் பேசுவார்கள். ராபியாவுக்கு ஒரு குட்டிகூட அறுக்கவில்லை.

மறுநாள் வார்டில் ஊசி மருந்தை எடுக்கும்போதே, கூட வேலை பார்த்த ரெட்டியார்சத்திரத்துக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் பேர் போதும்பொண்ணு. ஐந்தாவதாகப் பிறந்தவள்.

"எங்கப்பனாச்சும் தமிழ்ல வச்சாரு. ஒண்ணாப்புலயே எனக்குப் புரிஞ்சுபோச்சுக்கா" என்றாள் போதும்பொண்ணு. "இம்புட்டு வருசம் கழிச்சு ஏன் கெடந்து வேகுறீங்க?"

"இம்புட்டு வருசம் ஏமாந்ததுக்குத்தான் வேகுறேன்."

அந்த வாரம் அய்யலூர் சந்தைக்குப் போய் ராபியா ரெண்டு கிடா பிடித்து வந்தாள். ஆடு அறுக்க வந்தவர் கேட்டார்.

"யாரு பிள்ளைக்கு அகீகா?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? பொம்பளைப் பிள்ளைக்கு ஒண்ணு போதுமேம்மா."

"ரெண்டையும் அறுங்க."

அவள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை. அண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றினார். தெருவில் சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் பிரியாணி வாங்க எல்லோரும் வந்தார்கள். மூன்று அக்காமாரும் வந்து வெங்காயம் உரித்தார்கள். போதும்பொண்ணு வார்டிலிருந்து நேராக வந்து பந்தி பரிமாறினாள்.

பந்தி முடிகிற நேரத்தில் சௌகத் அலி வாசலில் வந்து நின்றார்.

"ஊரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்திட்டேல்ல?"

"ஊருக்கு முந்தியே தெரியும் அத்தா. எனக்குத்தான் தெரியல" என்றாள் ராபியா. "உள்ள வந்து உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். அவளே பரிமாறினாள். தலை குனிந்தபடி சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் மன்னிக்கவில்லை. அதன் பிறகு அவருடைய பிரஷர் மாத்திரையை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள்.

கல்யாணமான அடுத்த வருடம், ராபியாவின் வார்டிலேயே பக்ருதீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சௌகத் அலி தயங்கித் தயங்கி வார்டுக்கு வந்தார்.

"நல்ல பேரா நீயே ஒண்ணு சொல்லுத்தா."

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?" ராபியாவின் குரல் அப்போதும் காட்டமாகத்தான் இருந்தது. "பெத்தவ அந்தா படுத்திருக்கா. அவகிட்டப் போய்க் கேளுங்க."

அவர் மருமகளின் கட்டிலை நோக்கி நடந்தார்.