இமை ஆறிய குருசுக்குப்பத்து வாரம்

காலை ஏழு மணி பஸ்ஸில் விழுப்புரத்தை விட்டேன். இமை அறுவைக்காகப் போன புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான். சரிந்த மேலிமைகள் பாதிக் கண்ணை மூடி, வகுப்பில் எனக்குத் 'தூங்குமூஞ்சி டீச்சர்' என்று பேர் வாங்கிக் கொடுத்திருந்தன. ஐம்பத்திரண்டு வயதில் அழகு கேட்கிறதா என்றார்கள் உறவினர்கள். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ற பயமும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததும் இமையில் ஊசி சுருக்கென்றது. பிறகு மரத்துப்போய், இழுப்பது மட்டும் தெரிந்தது. முடி கருகுவதுபோல் ஒரு வாடை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. "குனியாதீங்க. கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது, தையல் பிரிஞ்சிடும்" என்றார் டாக்டரம்மா.

தங்கியது அங்கேயே கடலோரக் குருசுக்குப்பத்தில், பிலோமினா அக்கா வாடகைக்கு விடும் அறையில். மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் மோசம். கண்கள் வீங்கிக் கோடாகி, ஊதா நிறம் கன்னம்வரை இறங்கியிருந்தது. கண்ணாடி முன் நின்று அழுதேன். அக்கா ஐஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இத மெதுவா நெத்தியில வை. கண்ணாடிய நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

சொன்னபடியே சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வீக்கம் கொஞ்சம் வடிந்தது. வீராம்பட்டினம் அம்மனைப் பார்க்க ஆசைப்பட்டேன். படி தெரியாமல் விழுந்து வைப்பேன் என்று, ஞாயிறு சர்ச் பூசை தவறாத அக்காவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். முந்நூறு ரூபாய். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சன்னதியில் நின்றேன். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினார். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், இரண்டு கையையும் சுடரில் காட்டிக் கண்ணில் ஒற்றப் போனேன். உள்ளங்கை தையலைத் தொடுமுன் அக்கா மணிக்கட்டுகளைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் விடவில்லை. என் கைகளை இழுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"என்னக்கா இது?"

"சூடு வீணாப் போவுதுல்ல. உனக்குத்தான் சேரும், வா."



ஒரு வாரத்தில் தையல் எடுத்தார்கள். விளிம்பில் சிவப்பும் மாலையில் கொஞ்சம் எரிச்சலும் இன்னும் சில வாரம் இருக்குமாம். இருக்கட்டும். வெளியே வந்தால், தலையைத் தூக்காமலே தென்னை உச்சி தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுவரை அக்கா வந்தார். ஊரில் சொந்தத்துக்குக் குறைவில்லை. இப்படி ஒருவர் எனக்கு அங்கே இல்லை. நன்றி சொல்ல வாயெடுத்ததும் கண் நிறைந்து, கை முகத்துக்குப் போனது. அக்கா அதைத் தட்டிவிட்டார்.

"அழுவறதுன்னா அழு. தொடைக்க நான் இருக்கேன்" என்று, முந்தானையால் கன்னத்தை மட்டும் ஒற்றினார்.